ஒரே நாளில் கொச்சி: கோவையிலிருந்து முதல்முறை போறவங்க எதைப் பார்க்கலாம், எதை விட்டுடலாம்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் கோவை ஆபீஸ்களில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "இந்த வாரம் எங்கீங்க போறது?" ஊட்டி போய் அலுத்தாச்சு. வால்பாறையும் பார்த்தாச்சு. மூன்று பக்கமும் மலை தெரிகிற ஊருக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான், கடல். மெரினாவுக்குப் போக 500 கிலோமீட்டர். மேற்கே திரும்பினால் சுமார் 190 கிலோமீட்டரில் கொச்சி.

சனிக்கிழமை விடியற்காலை காரில் கிளம்பி, மதியம் லூலூ மால், சாயங்காலம் மரைன் டிரைவ், பத்து செல்ஃபி, ராத்திரி வீடு. "கொச்சி பார்த்தாச்சு" என்று ஸ்டேட்டஸ். பலருடைய முதல் கொச்சிப் பயணம் இப்படித்தான் முடிகிறது. இதில் ஒரே ஒரு சிக்கல்: இந்தப் பயணத்தில் அவர்கள் கடலையே பார்க்கவில்லை.

மரைன் டிரைவில் எதிரே விரிந்து கிடப்பது கடல் அல்ல, வேம்பநாட்டுக் காயல். கடலைப் பார்க்க அந்தத் தண்ணீரைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும். 500 வருஷக் கதையும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. தமிழ் பேசும் ஒரு குடியிருப்பும் அங்கே இருக்கிறது. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அதை எப்படிச் செலவழிப்பது? பார்ப்போம்.

கொச்சி ஒரு ஊரா, நாலு ஊரா?

முதல்முறை போகிறவரைக் குழப்புவது மேப்தான். கொச்சி என்று நாம் சொல்வது தண்ணீரால் பிரிந்து கிடக்கும் பல துண்டுகளைச் சேர்த்து.

ரயில் நிலையம், ஹைகோர்ட், மெட்ரோ, மால், ஐ.டி. கம்பெனிகள் எல்லாம் இருப்பது எர்ணாகுளம். இது நிலப்பக்கம். நடுவில் வெலிங்டன் தீவு. வடமேற்கே வைப்பின் தீவு. தென்மேற்கே, கடலை ஒட்டிய நீண்ட நிலத்தின் முனையில் ஃபோர்ட் கொச்சி, அதை ஒட்டியே மட்டாஞ்சேரி. பழைய கொச்சி என்பது இந்தக் கடைசி இரண்டும்தான்.

வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவே இருக்கும் வாய் வழியாகத்தான் காயல் கடலோடு சேர்கிறது. கப்பல்கள் உள்ளே வருவதும் அதே வழியில்தான். இந்தப் படம் மனதில் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

கொங்கு நாட்டுக்கும் இந்தக் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சுவர் மாதிரி நீண்டு கிடக்கிறது. அந்தச் சுவரில் இருக்கும் பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம். ஆடி மாசம் கோவையிலும் பல்லடத்திலும் ஆளைத் தள்ளுகிற காற்று அரபிக் கடலிலிருந்து இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்கும் அதுதான் காரணம்.

காற்று வந்த வழியில் வியாபாரமும் நடந்தது. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது, கல்மணிகள் செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைத்த பச்சைக்கல் ரோம் வரைக்கும் பேர் வாங்கியது. வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. கொங்கு நாட்டின் கல்லும் மணியும் கணவாயைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போய்க் கப்பல் ஏறின. அந்தக் காலத்துத் துறைமுகம் முசிறி. இன்றைய கொச்சிக்கு வடக்கே, கொடுங்கல்லூர்ப் பக்கம் அது இருந்தது.

அப்புறம் கொச்சி எப்படி வந்தது? 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறிப் பக்கத்துத் துறைமுகத்தை மணலால் மூடி, தெற்கே கொச்சியில் கடல்வாயைத் திறந்துவிட்டது என்பது வரலாற்று ஆசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். ஒரு துறைமுகம் மூடியது, இன்னொன்று திறந்தது. கணவாய் மட்டும் அப்படியே இருந்தது. இன்று சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544 போவதும் ரயில் போவதும் அதே வழியில்தான்.

எந்தக் கிழமை போகணும்? முக்கியமான கேள்வி இதுதான்

பலர் கிளம்புவது சனிக்கிழமை. பழைய கொச்சியைப் பார்க்க அது அவ்வளவு சரியான நாள் இல்லை.

மட்டாஞ்சேரியில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று மட்டாஞ்சேரி அரண்மனை. அது வெள்ளிக்கிழமை விடுமுறை. இன்னொன்று பரதேசி யூதர் ஜெபக்கூடம். யூதர்களின் ஓய்வு நாளான ஷபாத், வெள்ளி சாயங்காலம் தொடங்கி சனி சாயங்காலம் வரை. அதனால் வெள்ளியும் சனியும் ஜெபக்கூடத்தைப் பயணிகளுக்குத் திறப்பதில்லை. யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். சனிக்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

லீவு போட முடிந்தால் திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாள். முடியாதென்றால் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயங்களில் வழிபாடு நடக்கும், அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். அதனால் ஞாயிறு போகிறவர்கள் முதலில் கடற்கரை, அப்புறம் தேவாலயம், மதியத்துக்கு மேல் மட்டாஞ்சேரி என்று வரிசை போட்டுக்கொண்டால் எதுவும் தவறாது.

மாதக் கணக்கு? ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை வெளுத்து வாங்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். டிசம்பர் 31 மட்டும் விதிவிலக்கு. அன்று நள்ளிரவு 'பாப்பாஞ்ஞி' என்ற பெரிய உருவத்தை எரித்துப் புத்தாண்டை வரவேற்பது ஃபோர்ட் கொச்சி வழக்கம். பார்க்க வேண்டிய விழாதான், ஆனால் கூட்டத்தில் வேறு எதையும் பார்க்க முடியாது.

எப்படிப் போவது?

கார் என்றால் வாளையாறு, பாலக்காடு, திருச்சூர், அங்கமாலி, ஆலுவா வழி. நடுவில் குதிரான் சுரங்கச் சாலை வரும். 2021-ல் முதல் குழாய் திறக்கப்பட்ட இது கேரளாவின் முதல் சாலைச் சுரங்கம், நீளம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். ஆனால் ஒரு நாள் பயணத்துக்குக் கார் அவ்வளவு வசதி இல்லை. திருச்சூருக்கு அப்பால் நெரிசல் எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஃபோர்ட் கொச்சியின் ஒடுங்கிய தெருக்களில் வண்டியை நிறுத்துவது தனித் தலைவலி.

ரயில்தான் நல்லது. வண்டியைப் பொறுத்து மூன்றரை முதல் நாலு மணி நேரம். சென்னையிலிருந்து கேரளா போகும் சில ரயில்கள் கோவையை நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே கடக்கின்றன. அதில் ஏறித் தூங்கிவிட்டால் காலையில் எர்ணாகுளம். இப்போது முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறக்கிறது. வார இறுதி டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். நேரத்தைக் கிளம்பும் முன் ஆப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் கவனம். எர்ணாகுளத்தில் இரண்டு ஸ்டேஷன். உள்ளூர்க்காரர்கள் 'சவுத்' என்று சொல்வது எர்ணாகுளம் ஜங்ஷன், 'நார்த்' என்று சொல்வது எர்ணாகுளம் டவுன். சில வண்டிகள் ஒன்றில் மட்டும்தான் நிற்கும். போகும்போது ஒன்றில் இறங்கி, வரும்போது தெரியாமல் அதே ஸ்டேஷனில் போய் நின்று ரயிலைக் கோட்டை விட்ட கதைகள் உண்டு. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

இந்த ரயில் பாதைக்கும் ஒரு கதை உண்டு. ஷொரணூரிலிருந்து எர்ணாகுளம் வரையிலான பாதை 1902-ல் வந்தது. போட்டது பிரிட்டிஷ் அரசு இல்லை, கொச்சி சமஸ்தானம். செலவுக்குப் பணம் திரட்ட, திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை ராஜா ராமவர்மா விற்றார் என்று கொச்சியில் இன்றும் சொல்வார்கள்.

முதல் வேலை: தண்ணீரைத் தாண்டுங்க

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து ஹைகோர்ட் வாட்டர் மெட்ரோ முனையம். இந்தியாவின் முதல் வாட்டர் மெட்ரோ இது. 2023 ஏப்ரலில் தொடங்கியது. ஹைகோர்ட்–ஃபோர்ட் கொச்சி வழி 2024 ஏப்ரலில் திறந்தது. தொடங்கியபோது கட்டணம் 40 ரூபாய். படகுகளைக் கட்டியது கொச்சிக் கப்பல் கட்டும் தளம். பேட்டரியில் ஓடுகிறது, ஏ.சி. உண்டு. டீசல் படகின் இரைச்சலும் புகையும் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஏறலாம்.

சுற்றுலாவுக்காக இது கட்டப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது. 10 தீவுகள், 38 முனையங்கள், 78 படகுகள் என்பது முழுத் திட்டம். பாலம் இல்லாத, பஸ் குறைவான தீவு மக்கள் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருவதற்குத்தான் இதைத் திட்டமிட்டார்கள். வார இறுதியில் வரிசையில் நமக்கு முன்னால் நிற்கும் பாட்டி ரீல்ஸ் எடுக்க வரவில்லை, வீட்டுக்குப் போகிறார். ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை என்று அடுத்த படகுக்காக வழியை மறித்து நிற்காமல் இருந்தாலே போதும்.

கூட்டம் அதிகமாக இருந்தால் மாற்று உண்டு. எர்ணாகுளம் மெயின் ஜெட்டியிலிருந்து கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகுகள் பல வருஷமாக ஓடுகின்றன. ஏ.சி. கிடையாது, கட்டணமும் மிகக் குறைவு, காற்று இலவசம்.

படகில் போகும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். வலது பக்கம் போல்காட்டி தீவு வரும், டச்சுக்காரர்கள் 1744-ல் கட்டிய மாளிகை அங்கே. அதைத் தாண்டினால் வல்லார்பாடத்தின் பெரிய கிரேன்கள். 2011-ல் திறந்த கன்டெய்னர் முனையம் அது. கோவை, திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்குத் தூத்துக்குடி, சென்னையோடு இதுவும் ஒரு வாசல்.

இடது பக்கம் வெலிங்டன் தீவு. இயற்கைத் தீவை ஒட்டி, காயலின் அடியிலிருந்து தோண்டிய மண்ணைக் கொட்டி மனிதர்கள் உருவாக்கிய நிலம் இது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920-ல் கொச்சிக்கு வந்தார். கடல்வாயில் தடையாகக் கிடந்த மணல் திட்டை வெட்டி ஆழப்படுத்தினார்கள். 1928-ல் 'பத்மா' என்ற கப்பல் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. வெட்டிய மண்ணே தீவானது.

சீன வலை: போட்டோ எடுக்கும் முன் ஒரு நிமிஷம்

ஃபோர்ட் கொச்சியில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் சீன வலைகள். கொச்சி என்றதும் கூகுளில் முதலில் வரும் படம். உயரமான கம்பங்கள், அதில் தொட்டில் மாதிரி தொங்கும் பெரிய வலை. வேலை செய்யும் விதம் நம்ம ஊர் ஏற்றம் மாதிரிதான். ஒரு முனையில் வலை, மறு முனையில் கயிற்றில் கட்டித் தொங்கும் கற்கள். வலையைத் தண்ணீருக்குள் இறக்கி, சில நிமிஷம் கழித்து நாலைந்து பேர் கயிற்றை இழுத்தால், கல்லின் எடை உதவ, வலை மேலே வரும்.

சீனாவிலிருந்து நேரடியாக வந்தது என்பது பரவலான நம்பிக்கை. மக்காவ் வழியாகப் போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. வலையின் பாகங்களுக்கு மீனவர்கள் சொல்லும் பெயர்களில் போர்ச்சுக்கீசியச் சொற்கள் இருப்பதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

இன்று ஃபோர்ட் கொச்சியில் மிஞ்சியிருப்பவை கொஞ்சமே. மீன் குறைந்துவிட்டது. தேக்கு மரமும் கயிறும் மாற்றும் செலவு ஏறிவிட்டது. பல வலைகளில் மரத்துக்குப் பதில் இரும்புக் குழாய். வலையை இழுத்துப் பார்க்க விரும்பும் பயணிகள் தரும் பணமும் இப்போது இவர்கள் வருமானத்தில் ஒரு பங்கு. மேடையில் ஏறும் முன்பே "சேட்டா, எத்ரயா?" என்று கேட்டுவிடுங்கள். ஏறி இழுத்துப் படம் எடுத்துவிட்டு, அப்புறம் பத்து ரூபாய் நீட்டுவது நியாயமில்லை. முன்பே பேசிக்கொண்டால் இரண்டு பக்கமும் சங்கடம் இல்லை.

வலைகளைத் தாண்டினால் கடற்கரை. இதோ, அரபிக் கடல். ஆனால் மெரினா மாதிரி அகலமான மணலை எதிர்பார்க்காதீர்கள். கடல் அரிப்பில் கரை குறுகிவிட்டது, மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடக்கும். கப்பல்கள் போகும் வாய் இது, நீரோட்டம் வேகம். குளிக்கும் இடம் அல்ல. கடலில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் அதற்கு வைப்பின் தீவின் வடமுனையில் செறாயி கடற்கரை. அது இன்னொரு நாளைக்கு.

கோட்டை எங்கே?

'ஃபோர்ட்' கொச்சிக்குப் போய்க் கோட்டையைத் தேடுகிறவர்கள் உண்டு. கோட்டை இல்லை. போர்ச்சுக்கீசியர் 1503-ல் கட்டிய இம்மானுவேல் கோட்டை, இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதல் கோட்டை. 1663-ல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது அதைச் சுருக்கினார்கள். 1795-ல் வந்த பிரிட்டிஷார் 1806-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடற்கரையோரம் சில கற்கள் மட்டும் மிச்சம்.

மூன்று ஆட்சியும் மாறியதை ஒரே கட்டடத்தில் பார்க்க வேண்டுமானால் புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குப் போகலாம். போர்ச்சுக்கீசியர் காலத்தில் கத்தோலிக்கம், டச்சுக்காரர் காலத்தில் புராட்டஸ்டன்ட், பிரிட்டிஷ் காலத்தில் ஆங்கிலிகன், இப்போது தென்னிந்தியத் திருச்சபை. உள்ளே மேலே தொங்கும் நீளத் துணி விசிறிகளைப் பாருங்கள். கயிறு சுவரைத் தாண்டி வெளியே போகிறது. உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று வர, வெளியே வெயிலில் ஒரு ஆள் நின்று இழுத்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தம்.

தரையில் கம்பி வேலிக்குள் ஒரு கல்லறைப் பலகை. வாஸ்கோடகாமா 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டார். 1539-ல் எச்சங்களைப் போர்ச்சுகலுக்குக் கொண்டு போய்விட்டார்கள், பலகை மட்டும் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் 'கடல்வழி கண்டுபிடித்தவர்' என்று படித்திருப்போம். 1502-ல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்ரீகர் கப்பலை ஆட்களோடு எரித்தவரும் இவரே. பலகை முன்னால் நிற்கும்போது இரண்டும் நினைவில் இருக்கட்டும்.

பக்கத்திலேயே சாந்தா குரூஸ் பசிலிக்கா. பழைய கட்டடத்தைப் பிரிட்டிஷார் இடித்துவிட்டார்கள். இப்போது இருப்பது 1905-ல் அர்ப்பணிக்கப்பட்டது. உள்ளே மேற்கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்க்கப் பத்து நிமிஷமாவது ஒதுக்குங்கள்.

மதியச் சாப்பாடும் மொழியும்

இங்கே 'ஊணு' என்றால் சாப்பாடு. சிவப்புக் குத்தரிசிச் சோறு, தேங்காயெண்ணெய் வாசம், மீன் குழம்பு. குடிக்கத் தண்ணீர் இளம் சிவப்பு நிறத்தில் சுடச்சுட வந்தால் பயப்பட வேண்டாம். பதிமுகம் என்ற மரத்துண்டு போட்டுக் காய்ச்சியது. 'வெள்ளம்' என்றால் இங்கே தண்ணீர், பிரளயம் இல்லை. மோர் வேண்டுமென்றால் 'சம்பாரம்'. தமிழில் பேசினாலே பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். நிதானமாகப் பேசினால் போதும், வராத மலையாளத்தை இழுத்துப் பேச வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. "இத்தனை இடமும் குறைஞ்ச காசுக்குச் சுத்திக் காட்டறேன்" என்று ஆட்டோ வந்து நின்றால், நடுவில் கைவினைக் கடைகளில் இறக்கிவிடும் திட்டம் இருக்கலாம். கமிஷன் கணக்கு. கடைக்குப் போக வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிட்டு வாடகையைப் பேசுங்கள். ஃபோர்ட் கொச்சிக்குள் நடையே போதும். மட்டாஞ்சேரிக்கு மட்டும் ஆட்டோ.

வெளியில் கேட்கும் தமிழ்

கொச்சி 'ஒரு நாள் டூர்' பட்டியல்கள் பலவற்றில் இல்லாத இடம் இது. ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' மைதானத்துக்குப் பக்கத்தில் தோபி கானா. வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், பின்னால் மைதானம் முழுக்க வெள்ளைத் துணி காய்கிறது. உள்ளே காதில் விழுவது தமிழ்.

18-ம் நூற்றாண்டில் டச்சுப் படையின் சீருடை துவைக்க அழைத்து வரப்பட்ட வண்ணார்களின் வழிவந்தவர்கள் இவர்கள். டச்சுக்காரர்கள் போனார்கள், பிரிட்டிஷார் வந்தார்கள், அவர்களும் போனார்கள். துவைக்கும் வேலை மட்டும் தலைமுறை தலைமுறையாக இவர்களோடே நின்றுவிட்டது. முன்பு அங்கங்கே குளங்களில் துவைத்தவர்களுக்கு 1976-ல் இந்த இடம் கட்டிக் கொடுக்கப்பட்டது. கிளிப் இல்லாமல், முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிக் காயப்போடும் முறையைக் கவனியுங்கள். கஞ்சி போட்டு, கனமான கரி இஸ்திரிப் பெட்டியில் தேய்ப்பதும் உண்டு.

கப்பலில் வந்த வாஸ்கோடகாமாவுக்குத் தெருவும் கல்லறையும் பெயரோடு இருக்கின்றன. கடல் தாண்டாமல், நம் பக்கத்திலிருந்து கூட்டி வரப்பட்ட இந்த மக்களின் பெயர் எந்தப் பலகையிலும் பெரிதாக இல்லை. சாதி சுமத்திய ஒரு வேலை, மூன்று ஆட்சிகளைத் தாண்டியும் அப்படியே தொடர்ந்ததற்கான சாட்சி இந்த இடம். இவர்களது வேலையிடத்தை வேடிக்கைக் காட்சியாக மாற்றக் கூடாது. வாசலில் "அண்ணா, உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். படம் எடுப்பதற்கு முன் இன்னொரு தடவை கேளுங்கள்.

மட்டாஞ்சேரி: மதியத்துக்கு மேல்

மட்டாஞ்சேரி அரண்மனையை 'டச்சு அரண்மனை' என்பார்கள். கட்டியது போர்ச்சுக்கீசியர், 16-ம் நூற்றாண்டின் நடுவில். கொச்சி ராஜாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் பின்னால் புதுப்பித்ததால் பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. வெளியே இருந்து பார்த்தால் அரண்மனை மாதிரியே தெரியாது, ஓட்டு வீடு மாதிரி இருக்கும். ஏமாந்து திரும்பிவிடாதீர்கள். உள்ளே ராஜாவின் படுக்கையறைச் சுவர் முழுக்க ராமாயண ஓவியங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும்.

பக்கத்தில் யூதத் தெரு. அதன் கோடியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெபக்கூடம். தமிழில் 'பரதேசி' என்பது திட்டுகிற வார்த்தையாகிவிட்டது. இங்கே அதன் பழைய பொருள், வெளிதேசத்திலிருந்து வந்தவர். ஸ்பெயின் உள்ளிட்ட நாடுகளிலிருந்து பின்னால் வந்த யூதர்களுக்கு இந்தப் பெயர். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே கேரளக் கரையில் வாழ்ந்தவர்கள் மலபார் யூதர்கள்.

பொதுவாக மதியம் 1 முதல் 3 மணி வரை ஜெபக்கூடத்தை மூடிவிடுவார்கள். அதனால் 3 மணிக்கு வருவது மாதிரித் திட்டமிடுங்கள், 5 மணிக்குள் முடித்துவிட வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். உள்ளே தரையைப் பாருங்கள். 18-ம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீலம்-வெள்ளை ஓடுகள் பதித்திருக்கிறார்கள்.

யூத வணிகத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000-ல் கொடுத்த உரிமைகளைச் சொல்லும் செப்பேடுகள் இந்தச் சமூகத்தின் பொக்கிஷம். எழுத்து, நம்ம வட்டெழுத்து. 2017-ல் பிரதமர் மோடி இஸ்ரேல் போனபோது இதன் நகல்களைத்தான் அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசாகக் கொடுத்தார்.

1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு இங்கிருந்த யூதர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பினார்கள். யாரும் விரட்டவில்லை, அவர்களாகவே போனார்கள். யூத மரபுப்படி கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் 10 பேர் வேண்டும். இன்று அந்த எண்ணிக்கை உள்ளூரில் இல்லை. தெருவின் பெயர் இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, தெருவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் இல்லை.

வெளியே வந்தால் மிளகு, ஏலக்காய், சுக்கு வாசம். வாங்குவதானால் இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். 'பழங்காலப் பொருள்' என்று விற்பதெல்லாம் பழையது இல்லை.

சூரியன் மறையும் நேரம், திரும்பும் நேரம்

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ரயில் ராத்திரி என்றால் மறுபடி ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்குப் போய், வலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டுப் படகு ஏறலாம். ரயில் சீக்கிரம் என்றால் மட்டாஞ்சேரியிலேயே வாட்டர் மெட்ரோ முனையம் இருக்கிறது, 2025 அக்டோபரில் திறந்தது. எந்த வழியானாலும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாயங்கால வரிசை நீளம். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அக்கரையை விட்டுக் கிளம்புவது நல்லது.

அப்போ எதை விடலாம்?

லூலூ மாலை விடலாம். லூலூ ஹைப்பர்மார்க்கெட் அவிநாசி ரோட்டிலேயே வந்துவிட்டது. மரைன் டிரைவில் ஒரு மணி நேரம் உட்காருவதை விடலாம், அதே காயலை நடுவிலிருந்தே படகில் பார்த்துவிடுவீர்கள். செறாயி, ஆலப்புழை படகு வீடு, அதிரப்பள்ளி எல்லாவற்றையும் அதே நாளில் நுழைக்கும் ஆசையையும் விட்டுவிடலாம். அதில் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும்.

கலை பிடிக்கும் என்றால் தனியாக ஒரு பயணம் வைத்துக்கொள்ளுங்கள். 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே நடக்கும் மாதங்களில் ஃபோர்ட் கொச்சியின் பழைய கிடங்குகள் எல்லாம் கலைக்கூடமாகிவிடும். ஒரு நாளில் அடங்காது.

ஒரு நாளில் அடங்குவது இவ்வளவுதான்: ஒரு படகு, ஒரு வலை, ஒரு தேவாலயம், ஒரு துவைக்கும் களம், ஒரு அரண்மனை, ஒரு ஜெபக்கூடம். எண்ணிக்கையில் ஆறு. ஆனால் சீனா, போர்ச்சுகல், ஹாலந்து, இங்கிலாந்து, யூதர்கள், கூடவே நம் தமிழ் ஆட்கள், எல்லோரும் ஏன் இந்த ஒரு கரைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதற்கு ஆறும் சேர்ந்து பதில் சொல்லும். அந்தப் பதிலில் மிளகுக்குப் பங்கு உண்டு, 1341 வெள்ளத்துக்குப் பங்கு உண்டு, நம் வீட்டுப் பக்கம் மலையில் திறந்து கிடக்கும் அந்த வாசலுக்கும் பங்கு உண்டு.

டிக்கெட் போடும்போது சனிக்கிழமையைத் தவிர்த்தாலே பாதிப் பயணம் சரியாகிவிடும்.